ஸுபைதா ராத்தாவின் ஐந்து சொல்

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஸித்தி ஸுபைதாவைத் தெரியாத பெண் ஒருத்தி இருந்தால், அவள் சேலை கட்டாதவளாகத்தான் இருக்க வேண்டும். தீபாவளிக்கு லயத்து வரிசை வீடுகளில் மேலுக்கு ஏறும் புது ஜாக்கெட்டில் பாதி அவர் தைத்தது. கடையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குத் தைக்கிற ஆள் இல்லை அவர். காரை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறுவார். லயத்து வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடிப்பார். பெண்கள் ஓடி வருவார்கள். அளவெடுத்துக்கொண்டு போய், இரண்டு வாரத்தில் தைத்துக்கொண்டு வந்து கொடுப்பார். வயது ஐம்பத்தொன்பது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது வாய் தவறிக் கேட்டால், "அளவு சரியா வரல்ல" என்பார்.

முஸ்லிம் அக்காமாரை எங்கள் பக்கத்தில் ராத்தா என்போம். ஸுபைதா ராத்தாவுக்கு இடது கால் சூம்பியது. நாலு வயதில் வந்த போலியோ. அந்தக் காலால் கிளச் மிதிக்க முடியாது. அவரால் ஓட்ட முடிந்தது ஒரே ஒரு வண்டிதான். தோட்டத்து வெள்ளைக்கார துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய வோல்ஸ்லி. ஆறு சிலிண்டர், கறுப்பு நிறம், கிளச் இல்லாத ஓட்டோ கியர். ராத்தாவின் வாப்பா ஸஹாப்தீன், லுணுகலையில் புடைவைக் கடை வைத்திருந்தவர், மகளின் காலை நினைத்தே அந்த வண்டியை வாங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். பதினெட்டு வயதில் ராத்தா அதில் ஏறினார். அதற்குப் பிறகு யாரிடமும் "என்னைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டதில்லை.

அந்த வண்டியின் கியர்பொக்ஸ் போன வருடம் பசறை ஏற்றத்தில் உயிரை விட்டது.

நான் விஜேந்திரன். பதுளையில் கராஜ் வைத்திருக்கிறேன். பிறந்தது மடுல்சீமைப் பக்கத்து லயம் ஒன்றில். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் இருக்கத் தெரியாதவன். சாமி கும்பிடும்போதும் எனக்கு ஒரு கால் வாசலில்தான் இருக்கும் என்று என் மனைவி துஷ்யந்தி ஏசுவாள். கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். வேலை தெரியும் என்ற திமிரும் உண்டு. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

என்னிடம் வரும் முன் ராத்தா நாலு மெக்கானிக்கைப் பார்த்திருந்தார். அந்தக் கியர்பொக்ஸுக்குச் சாமான் இந்த நாட்டில் இல்லை. அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கியரைப் போடலாம் என்று ஒருவன் யோசனை சொன்னானாம். "கிளச்ச யாரு மிதிக்கிற, ஒங்கட பொண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டு வந்தாராம். வண்டி பதினொரு மாதம் ஓடாமல் நின்றது. ராத்தாவும் பதினொரு மாதம் வீட்டுக்குள் கிடந்தார்.

பண்டாரவளையில் இரும்புக் கடை வைத்திருக்கும் ராத்தாவின் தம்பி ஸாஹிர் ஹாஜியார் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவன் என்றால் சண்டை பிடித்து வெளியே தள்ளலாம். இவர் அக்காவுக்காகத் தன் வீட்டுக்குக் கீழே தனி அறை கட்டி, ஜன்னலுக்குத் திரையும் போட்டு வைத்திருந்தார். வண்டியைக் கல்யாண ஊர்வலத்துக்கு விட ஆசைப்பட்டு விலைக்குக் கேட்கும் ஒரு கொழும்புக்காரரும் அவர் கைக்குள் இருந்தார். பேசிப் பேசி ராத்தாவிடம் ஒரு வாக்கு வாங்கிவிட்டார். தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஹாஜியார் லுணுகலைக்கு வருவார். அன்றைக்கு ராத்தா தன் கையால் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவரோடு போய்விட வேண்டும்.

"நீங்கதான் கடைசி, தம்பி" என்றார் ராத்தா, என் கராஜ் வாசலில் த்ரீவீலரை விட்டு இறங்காமலே. "அந்த வண்டி எனக்கு அளவெடுத்துத் தச்சது மாதிரி. அதில ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறக் கூடாது."

"என்ன ராத்தா?"

"லயம், பெரட்டு, மலை, இறக்கம், பின்னுக்கு. இந்த ஒழுங்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கதை இதுதான். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் கம்பிக்கு ஐந்து நிலை. துரையின் டிரைவர் முத்தையாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. தெரிந்த ஒழுங்கை அதற்கு மாட்டிவிட்டார். மேலே முதல் நிலை லயம், வண்டி பூட்டிப் படுத்துவிடும். இரண்டாவது பெரட்டு. காலையில் தோட்டத்தில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுபோல எஞ்சின் ஓடும், வண்டி சும்மா நிற்கும். மூன்றாவது மலை. கொழுந்து பறிக்கப் போவதையே மலைக்குப் போவது என்றுதான் சொல்வோம், ஆகவே ஓட்டம். நாலாவது இறக்கம், பள்ளம் இறங்கும் மெதுவான கியர். கடைசி அடியில் பின்னுக்கு, ரிவர்ஸ். முத்தையா அதை ஸஹாப்தீனுக்குச் சொல்லிக் கொடுத்தார், ஸஹாப்தீன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். நாற்பது வருடமாக ராத்தா கம்பியைப் பார்க்காமல், வாய்க்குள் அந்தச் சொல்லைச் சொல்லி, 'டக் டக்' என்று எண்ணித்தான் போடுகிறார்.

"ஒண்ணும் மாறாது ராத்தா, போய் துணிய வெட்டி வைங்க" என்றேன். நான் அப்போதே எந்தக் கியர்பொக்ஸை மாட்டலாம் என்ற யோசனையில் இருந்தேன். காது கேட்டது, மண்டையில் ஏறவில்லை.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு நாள் முழுக்க அலைந்து, உடைத்து வைத்த டொயோட்டா க்ரௌன் ஒன்றின் ஓட்டோ கியர்பொக்ஸைப் பிடித்தேன். கம்பியூட்டர் இல்லாதது, கேபிளில் வேலை செய்வது, மலைக்குத் தோதானது. ஆனால் ஜப்பான்காரனின் பெட்டியும் இங்கிலீஷ்காரனின் எஞ்சினும் சும்மா சம்பந்தம் பண்ணிக்கொள்ளுமா? ஒன்றின் ஓட்டைக்கு மற்றதன் போல்ட் பொருந்தவில்லை. நடுவில் வைக்கத் தடித்த அலுமினியத் தகடு ஒன்றை லேத் பட்டறையில் வெட்டினேன். முதல் தகடு மயிரிழை விலகியது, தூக்கி எறிந்தேன். இரண்டாவது தகட்டுக்கு லேத்காரரோடு வாய்ச்சண்டை. பின் சில்லுக்குப் போகும் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து பேலன்ஸ் பண்ண வேண்டியிருந்தது. வண்டியின் அடித்தகட்டைச் சுத்தியலால் அடித்து இடம் பண்ண வேண்டியிருந்தது. மழை வேறு விடவில்லை.

எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டோர்க் கொன்வேர்ட்டர் என்று பூசணிக்காய் அளவு ஒரு சாமான் இருக்கிறது. உள்ளே தள்ளும்போது மூன்று தரம் 'டக்' என்று உட்கார வேண்டும். இரண்டோடு விட்டுவிட்டு போல்ட்டை இறுக்கினால் உள்ளே இருக்கும் பம்ப் உடைந்துவிடும், பிறகு அழுதாலும் வராது. நான் மூன்றையும் எண்ணினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இரும்பு சொல்லும் எண்ணிக்கையை அவ்வளவு கவனமாகக் கேட்டவன், ஒரு மனுஷி சொன்ன எண்ணிக்கையைக் கேட்கவில்லை.

வேலை முடிகிற நேரத்தில்தான் பளிச்சென்று உறைத்தது. புதுக் கியர்பொக்ஸில் ரிவர்ஸ் கடைசியில் இல்லை. பூட்டுக்கு அடுத்ததாக, இரண்டாவதாக இருந்தது. அது பெட்டிக்குள்ளேயே அமைந்த ஒழுங்கு. வெளியே இருந்து மாற்ற ஒரு வழியும் எனக்குத் தோன்றவில்லை. கீழே இருந்த ஆறாவது நிலையை ஒரு ஆணி வைத்து அடைத்தேன். மிச்சம் ஐந்துக்கும் புது எழுத்துப் பலகை எழுதி ஒட்டினேன். எழுத்தைப் பார்த்துப் போட்டால் போச்சு, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஹாஜியார் வரும் வெள்ளிக்கு முந்திய புதன்கிழமை காலையில் ராத்தா வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"ஒண்ணும் மாறாதெண்டு செல்லினீங்களே தம்பி."

"நீங்க படிச்சவங்கதானே ராத்தா. கண்ணாடியப் போட்டு எழுத்தப் பாருங்க. சின்னப் புள்ளையும் போடும்."

எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு பத்துத் தரம் போட்டுப் பார்த்தார். பத்தும் சரி. எனக்கு மனம் லேசானது. தீபாவளி அளவெடுக்கக் கிளம்பினோம். பசறை வரைக்கும் நான் ஓட்டினேன், அதற்கு மேல் அவர் ஓட்டினார். கண்ணாடியை மாட்டி, எழுத்தைப் பார்த்து, கம்பியைச் சரியான இடத்தில் வைத்தார். சும்மா சொல்லக் கூடாது, வண்டி என்னமாய்ப் போனது தெரியுமா? மடுல்சீமை ஏற்றத்தில் கியர் தானாக மாறுவதே தெரியவில்லை. ராத்தா ஒரு வளைவில் ஹோர்ன் அடித்தார், தேவையே இல்லாமல். பதினொரு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏற்றம் முழுக்க ஒரே கியர், கம்பியைத் தொடும் வேலையே இல்லை. என் தொழிலை நானே மெச்சிக்கொண்டு போனேன்.

நாங்கள் போன லயத்துக்கு முன்னால் பாதை ஒடுக்கம். வலப்பக்கம் மண் திட்டு, இடப்பக்கம் தேயிலைச் சரிவு கிடுகிடுவென்று கீழே இறங்குகிறது. ராத்தா எப்போதும் லயத்துக்குப் போனவுடன் முதலில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் அளவு நாடாவை எடுப்பார். அன்றைக்கும் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி நிறுத்தினார். இனிப் பின்னுக்கு எடுக்க வேண்டும். பின்னுக்குப் போகிறவர் எங்கே பார்ப்பார்? பின்னுக்குத்தான் பார்ப்பார். கழுத்தைத் திருப்பினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தது. கை கம்பியைக் கடைசி அடி வரைக்கும் இழுத்தது. வலது கால் அமுக்கியது.

வண்டி முன்னுக்குப் பாய்ந்தது.

"ராத்தா!" என்று கத்தினேன். அவர் பிரேக்கை மிதித்ததும், அடியில் 'கடார்' என்று கேட்டதும் ஒன்றாக நடந்தன. முன் சில்லு ஒன்று பாதைக்கு வெளியே தொங்கியது. பாதையோர மதகின் வெள்ளைக் கல்லில் வண்டியின் வயிறு உட்கார்ந்திருந்தது. வண்டிக் கண்ணாடிக்கு முன்னால் பாதை இல்லை, மண் இல்லை, மூடுபனி மட்டும்தான் இருந்தது.

"யா அல்லாஹ்" என்றார் ராத்தா. "லயம், பெரட்டு, மலை, இறக்கம், பின்னுக்கு. எண்ணித்தானே போட்டேன்."

அந்த நேரம் பார்த்து ராத்தாவின் போன் அடிக்கிறது. ஸாஹிர் ஹாஜியார். ராத்தா அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வண்டி ஓடுதா விஜேந்திரன்?"

"ஓடுது ஹாஜியார்" என்றேன், தொங்கும் சில்லைப் பார்த்துக்கொண்டு. "கொஞ்சம் கூடவே ஓடுது." வைத்துவிட்டேன்.

பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூட்டமாக ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் வள்ளியம்மை. இருபது வருடமாக ராத்தாவிடம் தைப்பவள், ராத்தாவிடமே வாய் காட்டக்கூடிய ஒரே ஆள். நான் இறங்கி, பின் சில்லுக்குப் பாரம் கொடுக்க மூன்று பெண்களை டிக்கி மேல் ஏற்றினேன். மற்றவர்கள் பின் பம்பரைப் பிடித்து இழுக்கத் தயாரானார்கள்.

"பின்னுக்குப் போட்டு மெதுவா அமுக்குங்க ராத்தா!"

எஞ்சின் உறுமியது. வண்டி முன்னுக்கு ஒரு துள்ளுத் துள்ளியது. கல்லில் இரும்பு கிறீச்சிட்டது, டிக்கியில் இருந்த பெண்கள் அலறிக் குதித்தார்கள். "மேல போடுங்க, மேல! லயத்துக்குக் கிட்ட!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கோபம் அவர் மேல் இல்லை, என் மேல்தான். ஆனால் சத்தம் அவர் மேல் போய் விழுந்தது.

ராத்தா எஞ்சினை நிறுத்தினார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இனி நான் தொட மாட்டேன். ஸாஹிருக்குச் செல்லுங்க, அந்த ரூமுக்கே வாரேன்."

"நீங்க இறங்குங்க ராத்தா, நான் எடுத்துத் தாறேன்."

"நீங்க எடுப்பீங்க தம்பி. நாளைக்கு யாரு எடுக்கிற? இந்தப் பொம்பளையளக் கொன்னுபோட்டிருப்பேனே நான். நாப்பது வருஷமா வாயில ஈக்கிற ஒழுங்கு ஒரு நாள்ல போகுமா?"

அவரை அந்த அறைக்கு அனுப்பியது நான்தான். ஹாஜியார் இல்லை, காலும் இல்லை. நான்.

வள்ளியம்மை ஜன்னலில் தலையை நுழைத்தாள். "என்னங்க ராத்தா, வண்டிக்குள்ள உக்காந்துகிட்டு லயம் பெரட்டுன்னு என்னமோ சொல்றீங்க?"

ராத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஐந்து சொல்லையும் சொன்னார். இப்போது இந்த மடையன் விஜேந்திரன் போட்ட பெட்டியில் லயத்துக்கு அடுத்தது பின்னுக்கு வருகிறது, பிறகுதான் பெரட்டு என்றும் சொன்னார். மடையன் என்றது அவர் சொல், நான் சேர்க்கவில்லை.

வள்ளியம்மை கம்பியை எட்டிப் பார்த்தாள். "அந்த மொத ஒழுங்கு யாருங்க சொல்லிக் குடுத்தது? ஆம்பளையா?"

"முத்தையா டிரைவர், எங்கட வாப்பாக்கு."

"அதானே பாத்தேன்! காலையில லயத்தில இருந்து நேரா பெரட்டுக்கு எந்தப் பொம்பளை போயிருக்கா? ஆம்பளைதான் எந்திரிச்சு சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு நேரா போவான். நாங்க மொதல்ல லயத்துக்குப் பின்னுக்குத்தானே போவோம்? தண்ணிப் பீலி அங்கதானே இருக்கு? தண்ணி புடிக்காம அடுப்பு எப்படிங்க எரியும், புள்ளைங்க எப்படிங்க மொகங் கழுவும்? அதுக்கப்புறந்தான் பெரட்டு. அப்புறம் மலை. அப்புறம் இறக்கம். இந்தப் பெட்டி சரியாத்தாங்க இருக்கு. முன்னாடி இருந்ததுதான் ஆம்பளைப் பெட்டி!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

"லயம். பின்னுக்கு." நிறுத்தினார். "தண்ணி புடிச்சு, பெரட்டு. மலை. இறக்கம்."

"அவ்வளவுதாங்க. நான் தெனமும் செய்யிறது."

ராத்தா கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சினை ஓடவிடாமல், கம்பியை மேலிருந்து கீழே இறக்கினார், பிறகு ஏற்றினார். ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு சொல். நானும் கூடவே எண்ணினேன், இந்தத் தரம் காதைக் கொடுத்து. எட்டாவது தரம் நடுவில் கண்ணைத் திறந்து, "வள்ளியம்மை, ஏறுங்க டிக்கியில" என்றார்.

அந்தப் பெண்கள் மறுபடி ஏறினார்களே, அதைத்தான் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் ஏறியிருக்க மாட்டேன்.

ராத்தா எஞ்சினை ஓடவிட்டுக் கழுத்தைத் திருப்பினார். கம்பியைப் பார்க்கவில்லை. மேலே வைத்து, "லயம்" என்றார். ஒரு 'டக்'. "பீலி" என்றார். அமுக்கினார். வண்டி கல்லை உரசி, முனகி, பின்னுக்கு வந்து பாதையில் நாலு சில்லிலும் நின்றது. பெண்கள் கூச்சல் போட்டார்கள். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். குறுக்குக் கம்பி வளைந்திருந்தது, பெட்டிக்கு ஒன்றும் இல்லை. சேற்றோடு எழுந்து நின்றேன்.

அளவெல்லாம் எடுத்து முடிந்ததும் நான் கதவைத் திறக்கப் போனேன். ராத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் தனியத்தான் எறங்கப் போறேன். நீங்க பஸ்ல வாங்க தம்பி. பக்கத்தில ஒரு ஆள் கத்தினா எனக்கு எண்ணிக்கை பிழைக்குது."

பெண்கள் முன்னால் மானம் போனது. போகட்டும். வண்டி வளைவில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். மறைந்த பிறகும், எங்காவது 'கடார்' என்று கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஹோர்ன் சத்தம்தான் கேட்டது, தேவையே இல்லாமல்.

பஸ் வர ஒன்றரை மணி நேரம் என்றார்கள். எனக்குத்தான் ஓரிடத்தில் நிற்க முடியாதே. லயத்தைச் சுற்றிக்கொண்டு பின்னுக்கு நடந்தேன். பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கீழே பிளாஸ்டிக் கேன்கள் வரிசையாக இருந்தன. என் அம்மா முப்பத்தொரு வருடம் இப்படி ஒரு பீலியில் தண்ணீர் பிடித்து, எனக்கு முகம் கழுவிவிட்டு, அதற்குப் பிறகுதான் பெரட்டுக்கு ஓடினாள். அந்தக் கையின் குளிர் இன்னும் கன்னத்தில் இருக்கிறது. ஆனாலும் கராஜ் வாசலில் ராத்தா ஐந்து சொல்லைச் சொன்னபோது, அதில் பீலிக்குப் போவது விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. சிரிக்கத்தான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு ஸாஹிர் ஹாஜியார் எனக்குப் போன் எடுத்தார். லுணுகலையில் ராத்தா வீட்டு வாசலில் நிற்கிறாராம். வீடு பூட்டியிருக்கிறதாம், வண்டியையும் காணவில்லையாம். கூட அழைத்துப் போக வேனும் கொண்டு வந்திருந்தாராம்.

"விஜேந்திரன், ராத்தா எங்க?"

"மலைக்குப் போயிட்டாங்க ஹாஜியார்" என்றேன்.